மண் வந்த பை

ஆணிகளைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்க ஷர்மி போன் எடுத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் மேசைக்கு வந்தவள் அவள்தான். கொட்டாஞ்சேனையில் இருக்கிற எங்கள் மண் ஆய்வுகூடம் பேலியகொடைப் பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போகப் போகிறது. அங்கே மண் வந்து இறங்கியதும் கோடு கோடாக ஒரு ஸ்டிக்கரை அச்சடித்து ஒட்டிவிடுவார்களாம். மற்றதை மெஷின் பார்த்துக்கொள்ளுமாம்.

"பழைய சுவர்ல வரிசையா ஆணி இருக்குதானே மிஸ், பையெல்லாம் தொங்குதே. புது இடத்துலயும் அடிக்கணுமா எண்டு மெனேஜர் கேக்குறார். அது எதுக்கு மிஸ்?"

எதுக்கு என்பதைப் போனில் சொல்ல முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன்.

"ஐயோ, எழுதப் போறீங்களா? ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டாப் போதுமே!"

நான் வாய் திறந்தால் எந்த மெசேஜுக்கும் அடங்க மாட்டேன் என்பது அவளுக்கு இன்னும் தெரியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. எங்கள் கொம்பனி வடக்கிலும் கிழக்கிலும் இருக்கிற விவசாயிகளிடம் உழுந்து, கச்சான் என்கிற நிலக்கடலை, சோளம் வாங்கி விற்கிறது. வாங்கினால் மட்டும் போதாது, விளைகிற மண்ணும் அடுத்த வருடத்துக்கு மிஞ்ச வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவானுக்குத் தோன்றியதால் இந்த ஆய்வுகூடம் உண்டானது. நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் கிளார்க். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு இந்த வேலைக்கு வரும்வரை மண் என்றால் எனக்குக் காலையில் அம்மா வாசலில் கூட்டித் தள்ளுகிற புழுதி மட்டும்தான். முதலில் போத்தல் கழுவினேன், பிறகு சல்லடையில் மண் அரித்தேன், அதற்குப் பிறகு நிறுக்க விட்டார்கள். நிறுக்கத் தொடங்கியவள் ஓய்வுபெறும்வரை அந்தத் தராசை விடவில்லை. என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

எனக்கு மேலே இருந்தவர் சிவபாதம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் வீடு, சுத்த சைவம். பஸ்ஸில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் வெள்ளைச் சேட் கசங்காமல் வந்து இறங்குவார். அது எப்படி என்று எங்கள் ஒருவருக்கும் இன்றுவரை விளங்கவில்லை. கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும். அவர் மெதுவாகக் கதைக்கத் தொடங்கினாலே நாங்கள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிடுவோம்.

மண்ணின் இலக்கத்தைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தட்டைக் காட்டி, "ஆரின்ர மண், பிள்ளை?" என்று கேட்பார். நான் ஒட்டியிருந்த இலக்கத்தை வாசிப்பேன்.

"இலக்கமோ தோட்டம் கொத்துறது? ஆரின்ர மண்?"

பெயரைத் தேடிப் பிடித்துச் சொன்னால்தான் அடுத்த வேலைக்குப் போவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், கையெல்லாம் அழுக்கு என்று சலித்துக்கொண்டேன். குரல் இறங்கியது. "அது அழுக்கில்லைப் பிள்ளை. ஆரோ ஒராள் சோறு தின்னுறது அதாலதான்." அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் ஆய்வுகூடத்துக்குள் சொன்னதே இல்லை. வீட்டில் சொல்வேன்.

அவருடைய முறைகளில் எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. அதுதான் ஷர்மி கேட்ட ஆணிகள். மண் வந்த பையை, அறிக்கையில் அவர் கையெழுத்து விழும்வரை எறியக்கூடாது. மண்ணைத் தட்டில் கொட்டியதும் பையில் அதே இலக்கத்தைக் கட்டிச் சுவரில் ஆணியில் மாட்ட வேண்டும். துணிப்பை, ரொட்டிப் பை, தலையணை உறை, ஒருதரம் ஒரு பிள்ளையின் காற்சட்டை கூட வந்தது, இரண்டு காலையும் கட்டி. எல்லாம் வரிசையாகத் தொங்கும். வருகிறவர்கள் இது லோண்டரியா என்று கேட்பார்கள்.

"சேர், மண்ணைத்தான் வெளியில எடுத்தாச்சே, பை எதுக்கு?" என்று ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"மண் தனிய வரேல்லைப் பிள்ளை. பையோட வந்தது."

அவ்வளவுதான் விளக்கம். இது நல்ல படித்த மனிதருக்கு வந்த விசர் என்று நான் முடிவு கட்டினேன். அந்த முடிவோடுதான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தேன்.

இனிப் பூனையைச் சொல்ல வேண்டும். துறைமுகப் பக்கம் பூனைக்குப் பஞ்சமில்லை. எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் நிமல் ஒரு குட்டியைத் தூக்கி வந்து 'மல்லி' என்று பெயர் வைத்தார். சிங்களத்தில் தம்பி. தம்பி பிறகு குட்டி போட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. மண் காய்கிற அறைக்குள் மல்லியை விடுவதில்லை, வலைக்கதவு போட்டிருந்தோம். நிழலில் பரப்பிய மண் தட்டுகளைப் பார்த்தால் பூனைக்கு என்ன நினைவு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆணியில் தொங்குகிற பைகளை அவள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

கதை நடந்தது கொரோனா காலத்தில். எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தோம். உரம் கிடைக்காமல் போன காலமும் அதுதான். மண்ணில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க நான்கு பக்கமிருந்தும் பைகள் வந்து குவிந்தன. சிவபாதம் சேர் ஓய்வுபெற்றிருந்தும் ஆலோசகராக வந்துபோய்க்கொண்டிருந்தார். எனக்குக் கொரோனா வந்து போயிருந்தது. போகும்போது மூக்கையும் கொண்டு போய்விட்டது. கோப்பி, சாம்பிராணி, மீன், எதுவும் மணக்கவில்லை. "நல்லதாப் போச்சு, இனி நான் சமைச்சா நீ குறை சொல்ல மாட்டாய்" என்று என் கணவர் ஜோசப் பகிடி விட்டார். ஆனால் காலையில் கோப்பிக் கோப்பையை என் மூக்குக்குக் கீழே பிடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவர் கோப்பையைக் கீழே வைப்பார்.

அப்படிப்பட்ட நாள் ஒன்றில் மகேந்திரன் ஐயா வந்தார். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் இருப்பவர், பென்சன்காரர். முல்லைத்தீவுப் பக்கம் கடல்நீர் ஏறி நிற்கிற களப்புக்குக் கிட்ட அவருக்குத் தகப்பன் வழிக் காணி இருந்தது. கையில் நீலக் கட்டம் போட்ட சாரத் துணியில் தைத்த பை. அதற்குள் மண்.

"இறால் வளர்க்கிற கொம்பனி ஒண்டு காணியைக் கேக்குது" என்றார். "களப்புத் தண்ணியை உள்ளுக்கு விட்டு வளர்க்கிறதாம். நான் மனசில உள்ளதைச் சொல்லுறன். மண் நல்லா இருந்தா ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன். எங்கட அப்பு வெட்டின கிணறு இருக்குது அங்க. ஆனால் உப்பு ஏறிட்டுது எண்டு சனம் கதைக்குது. உப்பான காணியை வச்சு நான் பூசையோ பண்ணுறது? நீங்கள் சோதிச்சு ஒரு முடிவைச் சொல்லுங்கோ."

மாஸ்க்குக்குள்ளிருந்து வந்தாலும் பேச்சு நேர்மையாக இருந்தது. அதுதான் எனக்குப் பயத்தையும் தந்தது. நாங்கள் சொல்வதை அப்படியே செய்கிற மனிதர்.

அந்தக் காணியைக் குத்தகைக்குச் செய்தவள் தவமணி. எங்களுக்கு உழுந்தும் கச்சானும் தருபவள். அன்றைக்கே போன் எடுத்தாள்.

"மிஸ், என்ர மண் வந்துட்டுதோ?"

காணி உறுதிப் பத்திரம் மகேந்திரன் ஐயாவின் பெயரில் இருக்கிறது. ஆனால் அவள் என்ர மண் என்றுதான் கேட்டாள், நானும் வந்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகு அவளாகவே கதைத்தாள். அவள் எடுத்தபோது காணி வெறும் வெளிறின மணலாகக் கிடந்ததாம். உழுந்து பிடுங்கிய கையோடு சணல் விதைத்து, அது பூக்கிற நேரம் பார்த்து அப்படியே உழுது மண்ணுக்குள் புதைப்பாள். வேலியில் நிற்கிற பூவரசம் குழையை வெட்டி அதையும் புதைப்பாள். கச்சான் போட்ட இடத்தில் அடுத்த முறை கச்சான் போட மாட்டாள். வருடா வருடம் இப்படி.

"முதல் கொத்தேக்க ஒரு மண்புழு இல்லை மிஸ். இப்ப ஒரு கொத்துக் கொத்தினால் மண்வெட்டி முழுக்கப் புழு. வேற காணி எடுத்துத் தாறம் எண்டு இறால்காரர் சொல்லுகினம். தருவினமாயிருக்கும். அந்த மண்ணைத் தூக்கிக்கொண்டு போகேலாதே."

நான் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லிப் போனை வைத்தேன். அப்படிச் சொல்ல எனக்கு ஒரு உரிமையும் இல்லை.

மண்ணைப் பழுப்புத் தாளில் பரப்பி, நிழலில், மின்விசிறிக் காற்றில் காயவிட்டோம். வெயிலில் வைக்க சேர் விடமாட்டார். காய்ந்ததும் மரக்கட்டையால் மெதுவாகக் கட்டிகளை உடைக்க வேண்டும். இடிக்கக்கூடாது, கல்லும் சேர்ந்து பொடியாகிவிடும். பிறகு சல்லடையில் அரிக்க வேண்டும். அரித்ததில் ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டுக் குலுக்கி, தெளியவிட்டு, உப்பு மீட்டரின் நுனியை உள்ளே இறக்க வேண்டும். இலக்கம் ஏறி இறங்கி ஒரு இடத்தில் நிற்கும்வரை கை ஆடக்கூடாது.

இலக்கம் ஏறியது. இறங்கவில்லை. மீட்டரின் நுனி கழுவப்படவில்லையோ என்று கழுவித் திரும்ப வைத்தேன். அதே உப்பு. புதிதாக நிறுத்துப் புதிதாகக் கரைத்தேன். அதே உப்பு. சேரைக் கூப்பிட்டேன்.

"ஆரின்ர மண்?"

"தவமணியின்ர, சேர்."

அவர் தானே கரைத்துத் தானே அளந்தார். அதே உப்பு. களப்பை அப்படியே கொண்டுவந்து போத்தலில் ஊற்றியது போல இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவ கடைசியா உழுந்து எப்ப பிடுங்கினவ?"

"போன மாசம் சேர். நாங்கதானே வாங்கினோம். நல்ல உழுந்து."

"இந்த உப்பில உழுந்து முளைக்கவே பஞ்சிப்படும். எப்படிக் காய்ச்சது?" கொஞ்சம் யோசித்தார். "பிடுங்கின பிறகு களப்புத் தண்ணி ஏறியிருக்கலாம். மண் எடுத்த இடம் பிழைச்சிருக்கலாம். இல்லாட்டில் உண்மையாவே உப்பாயிருக்கலாம். தெரியாது. தெரியாததில நான் கையெழுத்துப் போட மாட்டன்."

அறிக்கை கையெழுத்தில்லாமல் மேசையில் கிடந்தது. மகேந்திரன் ஐயா போனுக்கு மேல் போன். இறால் கொம்பனிக்காரர் ஒப்பந்தத்தோடு வரப் போகிறார்கள், முடிவு என்ன என்று. நாளைக்கு நேரில் வாருங்கள் என்று சேர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் நான் கதவைத் திறந்தபோது நிலத்தில் மல்லி இருந்தாள். முன்னங்கால் இரண்டாலும் எதையோ அமுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நக்கிக்கொண்டிருந்தாள். நீலக் கட்டம். ஆணியில் அத்தனை பைகள் தொங்க, அந்த ஒரு பையைப் பாய்ந்து இழுத்து விழுத்தியிருந்தாள். நான் போய்ப் பிடித்து இழுத்தேன், விடவில்லை. என்னைப் பார்த்து உறுமினாள். சோறு போடுகிற என்னைப் பார்த்து.

"சேர்! இங்க ஒருக்கா வாங்களேன்!"

சேர் வந்து பூனையைப் பார்த்தார், பையைப் பார்த்தார். மாஸ்க்கை இறக்கி, பையை எடுத்து முகர்ந்தார். முகம் சுளித்தது.

"ஏதோ ஒரு நாற்றம். எனக்கு விளங்கேல்லை. நீங்கள் பாருங்கோ."

"எனக்குத்தான் மூக்கு இல்லையே சேர்!"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூக்கு உள்ளவர் பிறந்தது முதல் மீன் தொடாதவர். மீன் தின்று வளர்ந்தவளுக்கு மூக்கு இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழே இருந்து நிமலைக் கூப்பிட்டோம். அவர் மாஸ்க்கை இறக்கவே இல்லை, இரண்டடி தள்ளி நின்றே சொன்னார்.

"மே கரவல நேத, மிஸ்?"

கரவல என்றால் கருவாடு.

நான் உடனே தவமணிக்குப் போன் எடுத்தேன். "தவமணி, மண்ணோட வேற என்ன அனுப்பினீங்கள்?"

"ஒண்டும் இல்லை மிஸ்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்டும் இல்லை... ஐயா வீட்டுக்குக் கொஞ்சம் கருவாடு வச்சனான்." குரலில் பயம் வந்தது. "ஏன் மிஸ், பழுதாப் போச்சுதோ? நல்லாக் காயேல்லைத்தான், இங்க மழைக்குணமாக் கிடந்தது. அதுக்காக வெறும் மண்ணை மட்டும் எப்படி மிஸ் அனுப்புறது? காணிக்காரர் வீட்டுக்கு மண்ணை மட்டும் அனுப்பினால் மண் அள்ளிப் போட்ட மாதிரியெல்லே இருக்கும்!"

மண்ணுக்கு மேலே கருவாட்டுப் பொட்டலம். இரண்டையும் சேர்த்து ஒரு பெட்டியில் கட்டி, வெள்ளவத்தைக்குச் சாமான் ஏற்றுகிற வான் வண்டியில் போட்டிருக்கிறாள். வழி முழுக்கக் கருவாட்டு உப்புத் தண்ணீர் சாரத் துணிக்குள் இறங்கியிருக்கிறது. உரப்பையில் மண் அனுப்ப வேண்டாம், துணிப்பையில் அனுப்புங்கள் என்று எல்லாரிடமும் படித்துப் படித்துச் சொன்னது நாங்கள்தான். அவள் சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தாள். மரியாதையையும் செய்திருந்தாள். அந்த மரியாதை அவளுடைய காணியை விழுங்கப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து மகேந்திரன் ஐயா படியேறி வந்தார்.

"சோதனை முடிஞ்சுதுதானே? முடிவு என்ன சொல்லுது?"

"கருவாட்டைப் பற்றிச் சொல்லுது" என்றார் சிவபாதம் சேர். குரல் நன்றாக இறங்கியிருந்தது. "உங்கட காணியைப் பற்றி இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

விஷயத்தைச் சொன்னதும் மகேந்திரன் ஐயா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "கருவாடு நல்லாத்தான் இருந்தது" என்றார். பிறகு சொன்னார், "எண்டாலும் உள்ளுக்கும் உப்பு இருக்கலாம்தானே?"

"இருக்கலாம்" என்றார் சேர். "அதுக்குத்தான் திரும்ப எடுக்கோணும். கொம்பனிக்காரரை இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ. உப்புத் தண்ணியை ஒருக்கா விட்டால் பிறகு பொறுத்து ஒண்டுமில்லை."

அவர் பொறுத்தார். அதை நான் எப்போதும் நன்றியோடு நினைப்பேன்.

இரண்டாம் முறை மண்ணை நான் போனில் நின்றே எடுப்பித்தேன். தவமணி போனை இடுப்பில் செருகிக்கொண்டு காணிக்குள் இறங்கினாள். வரப்போரம் வேண்டாம், மர நிழல் வேண்டாம், எரு குவித்த இடம் வேண்டாம் என்றேன். ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு வளைந்து வளைந்து நடந்து, நின்ற நின்ற இடத்தில் மேலே கிடக்கிற சருகை ஒதுக்கி, கலப்பை போகிற ஆழத்துக்கு மண்வெட்டியால் சரிவாக வெட்டி, வெட்டிய பக்கத்திலிருந்து ஒரு சீவல். எல்லாச் சீவலையும் சுத்தமான வாளியில் போட்டுக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை எடுத்து மற்றதைக் காணியிலேயே கொட்ட வேண்டும். காற்று இரைச்சலும், நாய் குரைப்பதும், அவள் மூச்சு வாங்குவதும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தன.

"வாளி என்ன வாளி தவமணி? மீன் வாளியா?"

"ஐயோ இல்லை மிஸ்! கிணத்து வாளி. மூண்டு தரம் கழுவினனான். கையும் சவுக்காரம் போட்டுக் கழுவிட்டன்." பிறகு கேட்டாள். "மிஸ், இந்த முறை ஐயாக்கு ஒண்டும் வைக்காமல் விடுறதோ?"

"ஒண்டும் வேண்டாம்!"

"அது சரியில்லை மிஸ்" என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

வான் வெள்ளவத்தைக்கு விடியற்காலையில் வரும். கொட்டாஞ்சேனையில் இருந்து த்ரீவீலர் பிடித்துப் போனேன். காலி வீதியில் கடைகள் இன்னும் திறக்கவில்லை. சிவபாதம் சேர் குடையோடு எனக்கு முன்பே வந்து நின்றார், சேட் கசங்காமல். சாரதி பெட்டிகளை இறக்கத் தொடங்கினான். எங்கள் மண் ஒரு புதுத் துணிப்பையில், அதற்கு மேல் ஒரு பொலித்தீன், அதற்கு மேல் இன்னொரு பொலித்தீன். சேர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். பக்கத்தில் வேறொரு பெட்டி, மகேந்திரன் ஐயாவின் பெயரில். பெட்டியின் எல்லாப் பக்கமும் கயிறு.

"அதுக்குள்ள என்ன தம்பி?" என்றேன் சாரதியிடம்.

"தேங்காய் அக்கா. அந்தப் பையில முட்டக்கூடாது எண்டு அந்த மனிசி சொல்லி, நான் இதைப் பின்சீற்றிலயும் அதை முன்னுக்கும் வச்சுக் கொண்டு வந்தனான்."

மண்ணை மறுபடியும் நிழலில் காயவைத்தோம். ஓவனில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று மகேந்திரன் ஐயா கேட்டார். சேர் தட்டை மின்விசிறிக்குக் கிட்டத் தள்ளி வைத்தார். காய்ந்த அன்றைக்கு ஐயா வந்து சுவரோரமாக உட்கார்ந்தார். நிமல் கூட மேலே வந்து வாசலில் நின்றார். நான் அரித்தேன், நிறுத்தேன், கரைத்தேன், தெளியவிட்டேன். மீட்டரின் நுனியை இறக்கும் முன் சேரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். என்னோடு வேலை செய்த இத்தனை காலத்தில் அவர் ஒரு மண்ணுக்கு முதுகு காட்டி நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவரும் பயப்படுகிறார் என்று தெரிந்தது. இந்த முறை உப்பு வந்தால் பூனையும் இல்லை, கருவாடும் இல்லை.

இலக்கம் கொஞ்சம் ஏறியது. இறங்கியது. இன்னும் இறங்கியது. பிறகு அசையாமல் நின்றது. கீழே, நல்ல கீழே. உழுந்து சந்தோசமாக விளையக்கூடிய இடத்தில்.

"சேர்" என்றேன்.

அவர் வந்து பார்த்தார். தானும் ஒருதரம் கரைத்து அளந்தார், விடுவாரா? பிறகு மிச்ச மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, பெருவிரலால் உள்ளங்கையில் தேய்த்தார். தேய்த்த இடம் கறுத்துப் பிடித்தது. மகேந்திரன் ஐயாவிடம் கையை நீட்டிக் காட்டினார்.

"இது உங்கட அப்பு விட்டுட்டுப் போன மண் இல்லை. அது வெறும் மணல். இது அந்தப் பிள்ளை செய்த மண். சணலும் குழையும் போட்டுப் போட்டுச் செய்தது. இதுக்குள்ள களப்புத் தண்ணியை விடப் போறியளோ?"

மகேந்திரன் ஐயா அந்தக் கையைக் குனிந்து பார்த்தார். "நான் முதல் நாளே சொன்னனான்தானே" என்றார். எழுந்து வெளியே போய், படிக்கட்டில் நின்று கொம்பனிக்காரருக்குப் போன் எடுத்தார். "இல்லை. இல்லைத் தம்பி. மண் நல்லா இருக்குது" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது உள்ளே கேட்டது. அந்தக் கொம்பனிக்காரருக்கு அது என்ன காரணம் என்று விளங்கியிருக்காது.

தவமணிக்கு நான் பூனை செய்ததையும் சேர்த்துச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப சணல் விதைக்கலாமோ மிஸ்?" என்றாள். "மழை வரப் போகுது. நான் விதையை எடுத்து வச்சுக்கொண்டு இருக்கிறன்."

விதைக்கச் சொன்னேன். அன்றைக்கு மட்டும் அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது.

சேர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து விழுந்த பிறகு பையை எறியலாம் என்பது விதி, ஆகவே நீலக் கட்டப் பையை எறியத் தேடினேன். மல்லி அதைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் படுத்திருந்தாள். விட்டுவிட்டேன்.

ஷர்மி, இதுதான் ஆணியின் கதை. உன்னுடைய ஸ்டிக்கர் மண்ணின் இலக்கத்தைச் சொல்லும், மெஷின் அதில் எவ்வளவு உப்பு என்று சொல்லும். நாங்களும் தவமணியின் மண்ணைத் திரும்பத் திரும்பச் சரியாகத்தான் அளந்தோம், அத்தனை தரமும் அதே இலக்கம்தான் வந்தது. எந்த மெஷினும் கருவாட்டைச் சொல்லியிருக்காது. மெனேஜரிடம் சொல், புதுச் சுவரில் ஆணி அடிக்கட்டும். ஒரு பூனை பாய்ந்து எட்டக்கூடிய உயரத்தில் அடிக்கச் சொல்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. அடுத்த அறுவடை முடிந்து தவமணியிடமிருந்து என் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. இன்றுவரை நான் அவளை நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம். பெட்டிக்குள் இரண்டு பொட்டலம், தனித்தனியாகப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டியது. ஒன்றில் கச்சான். அதன்மேல் பெரிய எழுத்தில், 'இதில் கருவாடு இல்லை.' மற்றதில் கருவாடு. அதன்மேல், 'இதில் மண் இல்லை. பாதி பூனைக்கு.'

நான் குசினியில் நின்று கருவாட்டுப் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்தேன். ஜோசப் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"ஐயோ, இதை இங்க வச்சா பிரிக்கிறாய்? ஜன்னலைச் சாத்து! பக்கத்து வீட்டாக்கள் சண்டைக்கு வரப் போறாங்க!" என்று சொல்லிக்கொண்டே அவரே ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தத் தொடங்கினார்.

"ஓம், நல்லா மணக்குது" என்றேன்.

கடைசி ஜன்னலில் அவர் கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் அப்போதுதான் என்ன சொன்னேன் என்பதை உணர்ந்தேன். உப்பும், வெயிலும், கடலும், கொஞ்சம் அழுகலுமாக அந்த மணம் தொண்டைவரை வந்து நின்றது. நான் அழுதேன். அவர் சாத்திய ஜன்னலை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டுப் போய்க் கோப்பி போட்டார்.